நான்காம் மேசை ஐயா தேறியது

"இன்னும் கொஞ்சம் ஆழமா போ உமை," என்றாள் ரெஹானா. உமையாள் கத்தியை ஒரு நூல் இறக்கினாள். தோலுக்குக் கீழே தசை வரவேண்டிய இடத்தில் கொழுப்பு வந்தது, சாமந்தி நிறத்தில். அதை விலக்கினால் அதற்குக் கீழேயும் கொழுப்பு வந்தது. அதையும் விலக்கிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது முதலில் விலக்கிய இடம் மறுபடி மூடிக்கொண்டிருந்தது, உள்ளே விட்டிருந்த இடுக்கியின் நுனியைக் காணவில்லை.

"வேற ஆள்கிட்ட வந்து நிக்கிறோமா?" என்று எட்வின் குனிந்து மேசைக் காலில் இருந்த எண்ணைப் பார்த்தான். நான்குதான்.

"செவ்வாய்க்கிழமை இதே இடத்துல எலும்பு தெரிஞ்சுது."

"செவ்வாய்க்கிழமை நீ வரவே இல்லடா."

"தெரிஞ்சுதுன்னு நீதானே சொன்ன."

ஆண்டின் தொடக்கத்தில் ஒன்பது மேசைகளுக்கும் சீட்டுக் குலுக்கியபோது நான்காம் மேசை விழுந்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் வயிறெரிந்தார்கள், ஏனென்றால் நான்காம் மேசையில் கிடந்தவர் அவ்வளவு மெலிந்தவர், தோலை எடுத்ததும் பாடப்புத்தகத்தின் வண்ணப்படம்போலத் தசையும் நரம்பும் ரத்தக்குழாயும் தனித்தனியாகத் தெரியும், பருத்த உடல் வாய்த்தவர்கள் கொழுப்பை அள்ளியே ஒரு பருவத்தைக் கழிக்க வேண்டும். உடலைக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு இறந்த மனிதர் அவர். பெயரைக் கேட்கக் கூடாது, பெயர் வைக்கவும் கூடாது என்பது துறையின் விதி என்பதால் மேசையைச் சுற்றி நின்ற பதினாறு பேரும் அவரை ஐயா என்றார்கள். வந்தபோது அவர் எடை முப்பத்தெட்டு கிலோ. இப்போது கன்னம் உப்பியிருந்தது, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை எட்டிப்பார்த்தது, வயிறு மெல்ல மேடுதட்டி வெள்ளைத் துணியைத் தூக்கிப் பிடித்தது, முகத்தில் பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வாங்கியவரின் நிறைவு வந்திருந்தது. இறந்துபோயிருந்ததைத் தவிர அவருக்கு வேறு குறை எதுவும் இல்லை.

உடற்கூறியல் துறைத் தலைவர் திலகவதி மேடம் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"நாளைக்கு நீங்க டாக்டர் ஆனப்புறம் வர்ற நோயாளி எல்லாம் ஒல்லியாவா வரப்போறான்? தேடுங்க, நரம்பு உள்ளதான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு ஐந்தாம் மேசைக்குப் போய்விட்டார்.

உடற்கூறியல் கூடத்தின் அட்டெண்டர் பொன்னுதுரை, இருபத்தாறு வருடமாக இறந்தவர்களைக் குளிப்பாட்டித் துணி போர்த்துகிறவர், யாரும் சொல்லாமலே விடுதிச் சமையற்கட்டிலிருந்து அரிசி மூட்டை நிறுக்கும் எடைமேடையை உருட்டிக்கொண்டு வந்து கூடத்தின் மூலையில் போட்டார். வெள்ளிக்கிழமைதோறும் நான்கு பேர் ஐயாவைப் பலகையோடு தூக்கி அதில் வைக்க, அவர் முள்ளைப் படித்துக் கரும்பலகையில் எழுதினார். நாற்பத்தாறு. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தொன்பதரை. மருத்துவமனையின் உணவியல் ஆலோசகர் வந்து, உப்பைக் குறைக்கவும் என்றும் எண்ணெயைத் தவிர்க்கவும் என்றும் தினமும் அரை மணி நேரம் நடக்கவும் என்றும் அட்டையில் எழுதி மேசைக் காலில் ஒட்டி, பிறகு யோசித்து, கடைசி வரியை மட்டும் அடித்துவிட்டுப் போனார். பொது மருத்துவப் பேராசிரியர் பழக்கதோஷத்தில் ஸ்டெதஸ்கோப்பை ஐயாவின் மார்பில் வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "ரொம்ப அமைதியா இருக்கு," என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

காரணத்தைக் கண்டுபிடித்தது பொன்னுதுரைதான். ஒருநாள் காலையில் துணியை விலக்கியபோது ஐயாவின் உதட்டோரத்தில் கொத்தமல்லித் துவையலின் தீற்றல் ஒட்டியிருந்தது. மறுநாள் மீசையில் சீனிப் பாகு. அதற்கு மறுநாள் கூடத்தின் ஃபார்மலின் நெடியையும் மீறிப் பால் பணியாரத்தின் ஏலக்காய் வாசனை வாசல்வரை வந்தது.

"யாரு பாப்பா நேத்து பணியாரம் சாப்பிட்டது?" என்று அவர் கேட்டார்.

நூற்றைம்பது பேரும் உமையாளைப் பார்த்தார்கள். ஏனென்றால் நூற்றைம்பது பேரும் நேற்று பதினோரு பால் பணியாரம் சாப்பிட்டிருந்தார்கள், தாளில்.

சமூக மருத்துவத் துறையில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த டாக்டர் குமரகுருபரன், முதலாண்டு மாணவர்களின் ஊட்டச்சத்து நிலையைப் பற்றி ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். தினமும் காலை ஆளுக்கொரு தாள் கொடுப்பார், முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தில் என்னென்ன சாப்பிட்டார்கள் என்று நினைவிலிருந்து எழுதித் தர வேண்டும். எட்டு மணி வகுப்புக்குக் காலை உணவை விட்டவர்கள், தேர்வுக்குப் பயந்து மதியத்தை விட்டவர்கள், கண்ணாடிக்குப் பயந்து இரவை விட்டவர்கள், பூட்டிய அறையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டை ஒரே மூச்சில் தின்றுவிட்டுக் குழாயைத் திறந்துவைத்து வாந்தியெடுப்பவர்கள் என்று நிரம்பிய அந்த வகுப்பில் உண்மையை எழுத ஒருவருக்கும் கை வரவில்லை; ஆகவே ரெக்கார்டு நோட்டுக்கு என்ன செய்வார்களோ அதையே இதற்கும் செய்தார்கள், நன்றாக எழுதுகிறவளைப் பார்த்து நகலெடுத்தார்கள்.

நன்றாக எழுதுகிறவள் உமையாள். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவள். வெள்ளை அங்கி கொடுத்த அன்று யாரோ யாரையோ பார்த்துச் சிரித்த சிரிப்பு தன் இடுப்பைப் பார்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டு, அன்று முட்டையை விட்டாள், பிறகு பாலை, பிறகு எதையெதையோ, விடுவது நீந்தக் கற்றதுபோல ஒருநாள் தானாக வந்துவிட்டது. கரையைப் பார்த்துத் திரும்ப வேண்டும் என்பது மட்டும் அவளுக்கு நினைவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு அம்மா தொலைபேசியில், "என்ன ஆத்தா சாப்பிட்ட?" என்று கேட்பாள். "சாப்பிட்டேன்" என்று சொன்னால் அம்மாவுக்குப் போதாது, என்ன, எவ்வளவு, தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பாள். ஆகவே கல்தோசையின் ஓரம் முறுகியிருந்ததையும், கத்தரிக்காய்க் கோசமல்லியில் புளிப்பு ஒரு பொட்டு கூடியிருந்ததையும், கந்தரப்பத்தைப் பிய்த்தபோது உள்ளிருந்து ஆவி வந்ததையும் உமையாள் சொல்வாள், சொல்லச் சொல்ல அவளுக்கே மூக்கு நிறைந்துவிடும். தொலைபேசியில் சொன்னதைத்தான் மறுநாள் தாளில் எழுதினாள்.

எழுதியதைச் சாப்பிட வேண்டியவள் சாப்பிடவில்லை, ஐயா சாப்பிட்டார். அவ்வளவுதான் விஷயம். ஏன் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படிக் கூட்டலாம் என்றுதான் தோன்றியது.

நகலெடுத்தவை ஐயாவுக்குப் போய்ச் சேரவில்லை; யார் மனதில் முதலில் பிறந்ததோ அந்தச் சாப்பாடு மட்டும் சேர்ந்தது. எட்வின் சொந்தமாக ஒரு முழுப் பலாப்பழம் என்று எழுதிப் பார்த்தான், மறுநாள் கூடத்தில் பலா வாசனை லேசாக அடித்தது, எடை ஏறவில்லை, ஏனென்றால் எழுதும்போது அவன் இரண்டு பரோட்டா தின்றிருந்தான். பசித்தவள் எழுதினால்தான் சேர்ந்தது, அதிலும் உமையாள் எழுதினால் உப்பு, காரம், சூடு குறையாமல் சேர்ந்தது.

பிறகு ஒரே கொண்டாட்டம். வகுப்பறைகள் குலுங்கின. "உமை, இன்னைக்கு ஐயாவுக்கு மட்டன் போடு." "வெள்ளிக்கிழமைடி, அவரு என்ன நினைப்பாரோ." "கேட்டுப் பாரு." கேட்டார்கள், அவர் மறுக்கவில்லை. ஒருவன் பிறந்தநாள் என்று கேக் எழுதச் சொன்னான், மறுநாள் ஐயாவின் மூக்கு நுனியில் வெள்ளைக் கிரீம் இருந்தது, பொன்னுதுரை அதைத் துண்டால் துடைத்துவிட்டு, "சின்னப்புள்ள மாதிரி," என்றார். விடுதிச் சமையல்காரர் நேரில் வந்து, "அந்தத் தாள்ல நம்ம சாம்பார் இருக்கா?" என்று கேட்டு, இல்லை என்று தெரிந்து இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. டாக்டர் குமரகுருபரன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் மாதிரி எண்ணிக்கை நூற்றைம்பது என்பதை அடித்து நூற்றைம்பத்தொன்று என்று திருத்தினார், கண்டறிவுகள் பகுதியில், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் முறையாகச் சாப்பிடுகிறவர் ஒருவரே என்று எழுதினார்.

உமையாளுக்கு வகுப்பில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது. அவள் பையை வேறு யாராவது தூக்கினார்கள். படிக்கட்டில் எதிரே வரும் மூன்றாமாண்டு அக்காக்கள் வழிவிட்டு நின்றார்கள். அதுவரை அவள் குளியலறைக் கதவைத் தாழிட்டு ஒளித்துவைத்திருந்த ஒன்று, சாப்பாட்டு மேசையில் சோற்றைத் தட்டில் இடம் மாற்றி மாற்றி மறைத்திருந்த ஒன்று, இப்போது சேவையாகிவிட்டது, அதற்குக் கைதட்டல் விழுந்தது, இன்னும் கொஞ்சம் என்று கேட்டார்கள். தலை எப்போதும் லேசாகச் சுழன்றது, அந்தச் சுழற்சி நன்றாக இருந்தது, ராட்டினத்தில் உச்சிக்குப் போய் நிற்கும்போது ஊர் முழுக்கத் தெரிவதுபோல. கை மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. கத்தி கோட்டை விட்டு விலகியது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. ஏப்ரல் வெயிலில் அங்கிக்கு உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள்.

ஒரு திங்கட்கிழமை மாடிப்படியில் அவள் விழுந்தாள். விழுந்தது மூன்று படி. ரெஹானா மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தாள். தூக்கியபோது, மேலப்பாளையத்தில் தன் குட்டித் தம்பியைத் தூக்குவதைவிட ரெஹானாவுக்கு அது சுலபமாக இருந்தது.

"நீ சாப்பிடுறதே இல்லையாடி?"

"ஐயா சாப்பிடுறாரே."

"அவரு செத்துப்போயிட்டாரு உமை."

"அதனால என்ன?" என்றாள் உமையாள், உண்மையிலேயே புரியாமல்.

ரெஹானா பேரீச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். உமையாள் அதைக் கையில் உருட்டி, முகர்ந்து, கொட்டையின் வழவழப்புவரை தாளில் எழுதினாள், மறுநாள் ஐயாவின் வாயில் கொட்டை இருந்தது. சண்டை போட்டுப் பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசியில் பொன்னுதுரையிடம் போய் நின்றாள்.

"அண்ணே, ஐயா வீட்ல யாராச்சும் வந்து போதும்னு சொன்னா இவ நிறுத்துவா. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டா. வர்ற வெள்ளிக்கிழமை எழுபத்தஞ்சு தொட்டுடுவாருன்னு எல்லாரும் சொல்றாங்க. அதுக்குள்ள இவ ஒண்ணுமில்லாம போயிடுவா."

"பேரு, ஊரு சொல்லக் கூடாது பாப்பா. விதி."

"நீங்க எனக்குச் சொல்ல வேணாம். அவங்களுக்குச் சொல்லுங்க."

பொன்னுதுரை கையைக் கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார். பிறகு சைக்கிளை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஐயாவின் மகள் வந்தாள். சொர்ணம் என்று பெயர், நாற்பது நாற்பத்திரண்டு வயதிருக்கும், மின்வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிறவள், கழுத்தில் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள், கையில் மூன்றடுக்குத் தூக்குச் சட்டி. திலகவதி மேடம் அனுமதித்ததும் உள்ளே போனாள். பொன்னுதுரை துணியை மார்புவரை போர்த்தி முகத்தை மட்டும் திறந்துவைத்திருந்தார். ரெஹானா மேசையின் தலைமாட்டில் போய் நின்றாள்.

சொர்ணம் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு கூடமே அதிரும்படி சிரித்தாள்.

"ஆத்தாடி, அப்பா தேறிட்டாரு!"

ரெஹானா பொன்னுதுரையைப் பார்த்தாள். பொன்னுதுரை விட்டத்தைப் பார்த்தார்.

"எங்கம்மா கல்யாண போட்டோவுல இப்படித்தான் இருப்பாரு, இதே கன்னம். கடைசி எட்டு மாசம் தொண்டையில கட்டி, தண்ணிகூட இறங்கல. கூடு மாதிரிதான் கொண்டாந்து கொடுத்தோம். கொடுக்கவே கூச்சமா இருந்துச்சு, இதை வச்சு என்னத்தப் படிப்பாங்கன்னு." அவள் கன்னத்தைத் தொட்டாள், கிள்ளினாள், விட்டதும் அது பழையபடி நிமிர்ந்தது, அதற்கும் சிரித்தாள். "யாரு தங்கம் சோறு போடுறது? இன்னும் போடுங்க. நல்லாப் போடுங்க."

நான்காம் மேசை கைதட்டியது, எட்டாம் மேசை விசில் அடித்தது, உமையாளை முன்னால் தள்ளினார்கள், எட்வின் அவளுடைய தாள்கள் அடங்கிய கோப்பைக் கொண்டுவந்து கோயில் தட்டைப்போல இரண்டு கையாலும் நீட்டினான். சொர்ணம் கூடத்துக்கு வெளியே வராந்தாவில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். மீட்டரைப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தாள். பத்துப் பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள். நெய், பருப்பு, வெள்ளைப் பணியாரம், மிளகாய்த் துவையல், தேங்காய்ப்பால், முந்திரி எல்லாவற்றையும் தாண்டி அவள் கடைசித் தாளுக்கு வந்தாள்.

"எல்லாம் இருக்கு. உளுந்தங்களி மட்டும் இல்லை. அதுதான் அவருக்கு உசிரு."

"இப்பவே எழுதிடலாங்க்கா!" என்றான் எட்வின். "ஏ உமை, எழுது, சாயங்காலமே போய்ச் சேந்துடும்."

உமையாள் குமரகுருபரனின் வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பேனா மூடியைக் கழற்றினாள். "எப்படி இருக்கும்க்கா அது? நான் பாத்ததில்ல. நிறம், வாசனை எல்லாம் சொல்லுங்க, எழுதுறேன்."

"சொல்லவா?" சொர்ணம் தூக்குச் சட்டியின் மேலடுக்கைக் கழற்றினாள். "இன்னைக்கு அவரு போயி ஒரு வருஷம். அதான் கிண்டினேன்." கறுப்பாக, கருப்பட்டி மின்ன, உருண்டையின் நடுவே விரலால் குழித்த குழியில் நல்லெண்ணெய் நின்றது. ஒன்றை எடுத்துக் கொடுக்க இடம் பார்த்து, உமையாளின் மடியிலிருந்த தாளின் மேலேயே வைத்தாள். வைத்தபோது அவள் கண் உமையாளின் மணிக்கட்டில் நின்றது. ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினாள். ஒரு விரலையும் கட்டை விரலையும் வளைத்து அளந்தாள், விரல்கள் ஒன்றையொன்று தாண்டி நிறைய தூரம் போயின.

சிரிப்பு நின்றது. சொர்ணத்தின் சிரிப்பு மட்டும். மற்றவர்கள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"எங்கப்பா கை இது," என்றாள் மெதுவாக. "உள்ள படுத்திருக்கிறவரு கை இல்ல. நாங்க கொண்டாந்து கொடுத்த கை."

உமையாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"உனக்கும் தொண்டையில கட்டியா?"

"இல்லக்கா."

"இறங்குமா?"

அப்படி ஒரு கேள்வியை உமையாளிடம் யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார்கள், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். அவள் எச்சில் விழுங்கிப் பார்த்தாள். "இறங்கும்," என்றாள், தயங்கி.

"நான் எட்டு மாசம் இதைக் கிண்டிக் கொண்டுபோயி அவரு முன்னால நீட்டினேன் தங்கம். ஆசையா வாயைத் திறப்பாரு. இறங்காது. அப்படியே எடுத்துட்டு வருவேன்." சொர்ணம் கையை விடவில்லை. "அவருக்கு நீ போட்டது போதும், வயிறு தெரியுது. இதை ஒருத்தர் முழுங்குறத நான் பாக்கணும்."

"நான் சாப்பிட்டா ஐயாவுக்குப் போகாதேக்கா."

"போக வேணாம்."

உமையாள் உருண்டையைப் பார்த்தாள். தாளில் உள்ள எந்தச் சாப்பாட்டுக்கும் இவ்வளவு கனம் இருந்ததில்லை. தொடையின் மேல் அது சூடாக உட்கார்ந்திருந்தது. ஒரு மிளகளவு கிள்ளினாள். அதை விரலிடுக்கில் வைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே வகுப்பு மாறும் மணி அடித்தது. நாக்கில் வைத்தாள். முதலில் எள்ளெண்ணெய் வந்தது, பிறகு கருப்பட்டியின் கரிப்பு கலந்த இனிப்பு, பிறகு அரைத்த உளுந்தின் கொழகொழப்பு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு போக மறுத்தது, துப்பிவிடலாம் என்று தொட்டியைப் பார்த்தாள், தொட்டிக்கும் அவளுக்கும் நடுவில் ரெஹானா வேறு எங்கோ பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். விழுங்கினாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சொர்ணம் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது அசைந்து கீழே இறங்குவதை, ஓடாத மீட்டர் ஒன்று நகர்ந்துவிட்டதைப் பார்ப்பதுபோல.

"தூக்குங்கப்பா!" என்று உள்ளிருந்து பொன்னுதுரை கூப்பிட்டார். எடைபோடும் நேரம். எழுபத்தைந்தா இல்லையா என்று வாரம் முழுக்கப் பந்தயம் கட்டியிருந்தார்கள். வராந்தா ஒரே பாய்ச்சலில் காலியாகிக் கூடத்துக்குள் பாய்ந்தது, எட்வின் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓடினான், டாக்டர் குமரகுருபரன் நோட்டோடு ஓடினார், திலகவதி மேடம் ஓடாமல் ஓட்டத்தின் வேகத்தில் நடந்தார். எடைமேடை கிறீச்சிட்டது.

"எழுபத்தொண்ணு!"

"போன வாரமே எழுபத்தொண்ணரை அண்ணே!"

"முள்ளு அப்படித்தான் சொல்லுது. குறைஞ்சிருக்காரு."

"தட்டிப் பாருங்க, முள்ளு மாட்டியிருக்கும்."

"ஒரு வேளை டயட் அட்டை வேலை செய்யுதோ?"

நூறு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின, யாரோ முள்ளைத் தட்டினார்கள், யாரோ ஐயாவின் வயிற்றைத் தட்டினார்கள், மறுபடி நிறுக்கச் சொல்லி ஒரு கட்சியும் வேண்டாம் என்று ஒரு கட்சியும் பிரிந்தது, சொர்ணம்கூட அப்பாவின் எடையைப் பார்க்க எழுந்து வாசலுக்குப் போய்க் கால்விரலில் நின்று எட்டிப் பார்த்தாள், ரெஹானா அவள் தோளில் மோவாயை வைத்து எட்டிப் பார்த்தாள்.

பெஞ்சில் உமையாள் தனியாக இருந்தாள். உருண்டை பாதியாகியிருந்தது, பிறகு கால்வாசியாகியிருந்தது, அதற்கு வெகுநேரம் ஆனது. எண்ணெய் தாளில் பரவி, காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்று அச்சடித்திருந்த கட்டங்களைக் கண்ணாடியாக்கியிருந்தது. அவற்றின் வழியே அவளுடைய வெள்ளை அங்கி தெரிந்தது. பேனா பெஞ்சுக்கு அடியில் உருண்டு கிடந்தது. உள்ளே மறுபடி எல்லோரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று கத்திப் பலகையைத் தூக்கினார்கள். அவள் தாளில் ஒட்டியிருந்த கடைசித் துணுக்கை விரல் நுனியால் ஒற்றி எடுத்து வாயில் வைத்தாள்.